குளத்து நீருக்கு ஏற்ற வயல்
மென்பொருள் வேலைக்குக் கால அட்டவணையும் சுற்றுக்களும் அமைத்தல்

சிறுபோகம் தொடங்குமுன் குளத்தின் கீழுள்ள கமக்காரர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குக் கூடுவதை எமது வாசகர்கள் அறிவார்கள். அங்கே முதலில் எழும் கேள்வி "எத்தனை ஏக்கர் விதைக்க ஆசை?" என்பதல்ல. "குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?" என்பதே. நீர்மட்டத்துக்கு ஏற்ப விதைக்கும் பரப்புத் தீர்மானிக்கப்படும். முதல் தண்ணீர் திறக்கும் நாளும் கடைசித் தண்ணீர் நிறுத்தும் நாளும் குறிக்கப்படும். தண்ணீர் குறைவென்றால் பரப்பைக் குறைத்து, இருக்கும் வயலைப் பங்கிட்டுச் செய்வார்கள். நாளை நீட்டுவதால் குளம் நிரம்பாது என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கணனி மென்பொருள் செய்யும் வேலைக்கும் இந்த அறிவே அடிப்படை. அதை எப்படி ஒரு கால அட்டவணையாக அமைப்பது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். கிராம அபிவிருத்தி இதழில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணங்கள் இரண்டு உண்டு. எமது பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் தொழிலில் இருக்கிறார்கள். அத்தோடு, கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தமது கணக்குகளைக் கணனிக்கு மாற்றத் தொடங்கியுள்ளன. அதற்குச் செலவாகும் பணம் அங்கத்தவர்களின் சிறு சேமிப்பிலிருந்து வருவது.

எட்டு மாதத்தின் பின் திறந்த பெட்டி

நாம் நன்கு அறிந்த ஒரு சிக்கன கடனுதவுச் சங்கம், தனது பேரேடுகளைக் கணனிக்கு மாற்ற விரும்பி ஒரு மென்பொருளுக்கு ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தில் ஒரேயொரு திகதிதான் இருந்தது. எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்து கையளிக்கப்படும் என்பதே அது. இடையில் சங்கத்தார் எதையும் பார்க்கவில்லை. "வேலை நடக்கிறது" என்ற பதில் மட்டும் மாதந்தோறும் வந்தது. பணம் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. செய்த இளைஞர்களும் சோம்பியிருக்கவில்லை. கடைசி இரண்டு மாதம் இரவிரவாக விழித்து வேலை செய்தார்கள்.

கையளித்த அன்று பொருளாளர் ஒரு கடனைப் பதிந்து பார்த்தார். 60,000 ரூபா, ஆண்டுக்கு 12 வீத வட்டி, 12 மாதத் தவணை. சங்கத்தின் வழக்கப்படி குறைந்துசெல்லும் மீதிக்கே வட்டி. மாதம் 5,000 ரூபா முதல் கழிந்து வரும்போது மொத்த வட்டி 3,900 ரூபா. மென்பொருளோ தொடக்கத் தொகைக்கே முழு ஆண்டும் வட்டி கணக்கிட்டு 7,200 ரூபா என்று காட்டியது. கணக்கிடும் முறையை ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. அந்தக் கணக்கின் மேலேயே அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள் யாவும் கட்டப்பட்டிருந்தன. திருத்துவதற்கு மேலும் நான்கு மாதம் சென்றது. அதுவரை பொருளாளர் இரண்டு கணக்கும் எழுதினார்.

இங்கே குற்றவாளி யாருமில்லை. இரண்டாம் கிழமையில் பிடிபட்டிருக்கவேண்டிய பிழை, எட்டாம் மாதத்தில் பிடிபட்டது. கால அட்டவணை அமைக்கப்பட்ட விதமே அதற்குக் காரணம்.

கோட்டு அட்டவணையும் சுற்று அட்டவணையும்

வேலைகளுக்குக் கால அட்டவணை போடுவதில் பழைமையான முறை நீள்கோட்டு அட்டவணை. அமெரிக்கப் பொறியியலாளரான ஹென்றி கான்ற் 1910களில் இதைப் பரப்பியதால் கான்ற் அட்டவணை என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. கோட்டின் நீளமே அதற்கு எடுக்கும் காலம். 1958 இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, எந்த வேலை எதற்குக் காத்திருக்கிறது என்பதைக் கணக்கிடும் முறையொன்றை உருவாக்கியது. 1984 இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் போன்ற மென்பொருள்கள் இவற்றைக் கணனித் திரைக்குக் கொண்டுவந்தன.

கிணறு கட்டுவதற்கு இந்த முறை நன்று. வெட்டிய பின்பே கட்டலாம், கட்டிய பின்பே பூசலாம். எத்தனை அடி, எத்தனை மூடை சீமெந்து என்பதும் முன்கூட்டியே தெரியும். மென்பொருள் அப்படியல்ல. கேட்பவருக்கே தனக்கு வேண்டியது இன்னதென்று, ஒன்றைப் பார்த்த பிறகுதான் தெளிவாகும். செய்பவருக்கும் ஒரு வேலையின் ஆழம், அதில் இறங்கிய பின்புதான் தெரியும்.

ஆகவே வேலையைக் குறுகிய, சம அளவான காலத் துண்டுகளாகப் பிரிக்கும் முறை வளர்ந்தது. ஆங்கிலத்தில் இதை இற்றரேஷன் என்பர். நாம் சுற்று என்று சொல்வோம். ஜெஃப் சதர்லண்ட், கென் ஸ்வேபர் என்ற இரு அமெரிக்கர்கள் 1995 இல் முன்வைத்த ஸ்க்ரம் முறையில் இதற்கு ஸ்பிரின்ற் என்று பெயர். 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள், இவ்வகை முறைகளின் பொதுக் கொள்கைகளை அஜைல் என்ற பெயரில் எழுதி வெளியிட்டார்கள். ஸ்க்ரம் முறையில் ஒரு சுற்று ஒரு மாதத்துக்கு மேற்படக்கூடாது. பல குழுக்கள் இரண்டு கிழமையை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கக்கூடிய ஒரு பகுதி கையில் இருக்கவேண்டும்.

ஒரு பெரிய உதாரணம்

அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுப் பணியகம் தனது வழக்குக் கோவைகளைக் கணனிமயப்படுத்த எடுத்த முதல் முயற்சி, ஏறத்தாழ 170 மில்லியன் டொலர் செலவான பின் 2005 இல் கைவிடப்பட்டது. 2006 இல் சென்ரினல் என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். நான்கு பெரும் கட்டங்களாகத் திட்டமிடப்பட்ட அந்த வேலை 2009 முடிவில் நிறைவடைந்திருக்கவேண்டும். 2010 ஓகஸ்டில் 451 மில்லியன் டொலர் ஒதுக்கீட்டில் 405 மில்லியன் செலவாகியிருந்தது. கையில் கிடைத்ததோ இரண்டு கட்டங்களே. இதே வழியில் சென்றால் இன்னும் குறைந்தது ஆறு வருடமும் 351 மில்லியன் டொலரும் தேவை என்று வெளியார் மதிப்பீடு ஒன்று கூறியது.

பணியகம் வேலையைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்து, குழுவைச் சிறிதாக்கி, இரண்டு கிழமைச் சுற்றுக்களாகப் பிரித்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் செய்தவற்றைக் காட்டினார்கள். இம்முறையிலும் திகதிகள் பிந்தின. 2011 செப்டெம்பரில் முடிப்போம் என்றவர்கள் 2012 யூலையிலேயே பாவனைக்கு விட்டார்கள். ஆனால் பிந்துகிறோம் என்பது உடனுக்குடன் தெரிந்தது, காரணமும் தெரிந்தது, வேலையும் முடிந்தது. சுற்று முறை மாயமந்திரம் அல்ல. உண்மையை விரைவில் கண்முன் கொண்டுவரும் ஒரு வழி மட்டுமே.

அட்டவணையை அமைக்கும் படிகள்

இதற்கு உதவும் மென்பொருள்கள் பல. மைக்ரோசொப்டின் அஷூர் டெவொப்ஸ், அவுஸ்திரேலியாவில் 2002 இல் தோன்றிய ஜிரா, 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரெட்மைன் என்பன அவற்றுட் சில. திரையில் உள்ள பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறும். படிகள் மாறுவதில்லை. முன்சொன்ன சங்கத்தின் வேலையையே மூன்று பேர் புதிதாகத் தொடங்குவதாக எண்ணிக்கொண்டு பார்ப்போம்.

1. சுற்றின் நீளத்தைத் தீர்மானித்தல். இரண்டு கிழமை என்று வைப்போம். ஒருமுறை தீர்மானித்தால் அதை மாற்றாதிருப்பது நல்லது. ஒரு சுற்று இரண்டு கிழமை, அடுத்தது ஐந்து கிழமை என்றால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

2. சுற்றுக்களைப் பதிதல். அஷூர் டெவொப்ஸில் திட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் சுற்றுக்களுக்குப் பெயரும் தொடக்க, முடிவுத் திகதிகளும் கொடுக்கவேண்டும். 'முதல் வெளியீடு' என்ற தலைப்பின் கீழ் சுற்று 1, சுற்று 2 என்று கிளைகளாகப் பிரிக்கலாம். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திட்டத்தில் சுற்றுக்களை உருவாக்கினால் மட்டும் போதாது, அவற்றைக் குழுவின் அமைப்புப் பக்கத்திலும் தெரிவுசெய்ய வேண்டும். இல்லையேல் குழுவின் பலகையில் அவை தோன்றா. ஜிராவில் காத்திருப்புப் பட்டியல் உள்ள பக்கத்திலேயே ஸ்பிரின்றை உருவாக்கி, தொடங்கும்போது திகதிகளை உறுதிசெய்யலாம். ரெட்மைனில் சுற்று என்று தனியாக இல்லை. 'வேர்ஷன்' என்பதை உருவாக்கி முடிவுத் திகதி கொடுத்துச் சுற்றாகப் பாவிக்கலாம்.

3. வேலை நாட்களைக் குறித்தல். குளத்தின் நீர்மட்டம் பார்க்கும் படி இதுவே. எமது நாட்டில் மாதந்தோறும் போயா விடுமுறை வரும். பொங்கல், புதுவருடம், தீபாவளி, நத்தார் வரும். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் குழுவில், அங்குள்ளவர்களின் கலண்டரில் எமது போயா தினம் இராது. நாமே பதியாவிட்டால் அந்த நாளும் வேலை நாளாகவே கணக்கிடப்படும். அஷூர் டெவொப்ஸில் குழு முழுவதற்கும் உரிய விடுமுறையையும் ஒவ்வொருவரின் லீவையும் சுற்றுவாரியாகப் பதிய இடமுண்டு. ஜிராவிலும் பலகையின் அமைப்பில் வேலை செய்யாத நாட்களைக் குறிக்கலாம்.

4. கொள்ளளவைக் கணக்கிடல். மூன்று பேர், பத்து வேலை நாட்கள் என்றால் 30 ஆள்நாட்கள். ஒரு போயா தினத்தால் 3 குறைந்து 27. ஒருவர் இரண்டு நாள் லீவு என்றால் 25. நாளுக்கு எட்டு மணித்தியாலம் அலுவலகத்தில் இருந்தாலும் கூட்டம், தொலைபேசி, மின்வெட்டு என்பன போக ஐந்து மணித்தியாலமே வேலைக்குக் கிடைக்கும் என்று வைப்போம். 25ஐ ஐந்தால் பெருக்கினால் 125 மணித்தியாலம். இதைப் பாராமல் முப்பதை எட்டால் பெருக்கி 240 மணித்தியாலம் என்று வாக்குக் கொடுப்பவர், இல்லாத தண்ணீருக்கு வயல் உழுகிறார். மிகுதி 115 மணித்தியாலம் எங்கிருந்து வரும்? அந்த மூவரின் உறக்கத்திலிருந்துதான்.

5. வேலைகளைச் சிறிதாக எழுதுதல். 'கடன் பகுதி' என்று எழுதினால் அது எப்போது முடியும் என்று எவராலும் கூறமுடியாது. 'அங்கத்தவர் சேமிப்புப் பணம் கட்டியதும் பற்றுச்சீட்டு அச்சாகவேண்டும்', 'குறைந்துசெல்லும் மீதிக்கு மாத வட்டி கணக்கிடவேண்டும்', 'தவணை தவறியவர்களின் பட்டியல் வரவேண்டும்' என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்குள் அடங்கும். செய்து முடித்ததைப் பொருளாளரே பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய விதத்தில் ஒவ்வொரு வேலையும் எழுதப்படவேண்டும்.

6. முக்கியமானதை முதலில் எடுத்தல். காத்திருப்புப் பட்டியலைச் சங்கத்தாரோடு இருந்து ஒழுங்குபடுத்தவேண்டும். பின்னர் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சுற்றுக்குள் எடுத்து, 125 மணித்தியாலம் நிரம்பியதும் நிறுத்தவேண்டும். அஷூர் டெவொப்ஸில் கொள்ளளவைத் தாண்டினால் பட்டை சிவப்பாகும். அதைக் கண்டபின்னும் இன்னொன்றைச் சேர்ப்பது எச்சரிக்கைப் பலகையைக் கடந்து செல்வதாகும். எமது சங்கத்துக்கு வட்டிக் கணக்கே மேலே இருக்கவேண்டும். அழகான முகப்புப் படம் காத்திருக்கலாம்.

7. நாளாந்தம் மிகுதியைப் பதிதல். ஒவ்வொருவரும் தமது வேலையில் இன்னும் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்பதை நாள்முடிவில் மாற்றவேண்டும். அப்போது மென்பொருள் தானாகவே இறங்குகோட்டு வரைபடம் ஒன்றை வரையும். கோடு ஐந்தாம் நாளும் இறங்காவிட்டால் உடனே கூடிப் பேசி, எந்த வேலையை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று சங்கத்தாரோடு தீர்மானிக்கலாம்.

8. முடிவு நாளில் முடித்தல். முடியாத வேலைக்காகச் சுற்றின் கடைசித் திகதியைத் தள்ளக்கூடாது. முடிந்ததைச் சங்கத்தாருக்கு இயக்கிக் காட்டவேண்டும். முடியாதது காத்திருப்புப் பட்டியலுக்கோ அடுத்த சுற்றுக்கோ போகும். ஜிரா சுற்றை மூடும்போது இதைக் கேட்கும். அஷூர் டெவொப்ஸில் நாமே நகர்த்தவேண்டும். ஒரே வேலை மூன்று சுற்றாக நகர்ந்துகொண்டே போனால், அது மிகப் பெரியது அல்லது எவருக்கும் விளங்காதது என்று பொருள். அதைப் பிரித்து மீண்டும் எழுதவேண்டும்.

எப்போது முடியும் என்று கேட்டால்

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இக்கேள்வி கட்டாயம் எழும். இதற்கு ஒப்புக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அதன் பருமனைப் பொறுத்துப் புள்ளி கொடுப்பது வழக்கம். சிறியதற்கு 1, அதைவிடப் பெரியதற்கு 3, மேலும் பெரியதற்கு 5 என்று வைக்கலாம். முதல் மூன்று சுற்றில் முறையே 14, 9, 13 புள்ளி முடிந்ததாகக் கொள்வோம். மொத்தம் 36, சராசரி 12. பட்டியலில் இன்னும் 60 புள்ளி இருந்தால் ஐந்து சுற்று, அதாவது பத்துக் கிழமை. மோசமான சுற்றைப் போல ஒவ்வொரு சுற்றிலும் 9 மட்டுமே முடிந்தால் ஏழு சுற்று, அதாவது பதினான்கு கிழமை. ஆகவே "பத்து முதல் பதினான்கு கிழமை" என்பதே நேர்மையான பதில். அதற்குமுன் வேண்டுமென்றால் பட்டியலின் அடியிலிருந்து எதை விடலாம் என்று கூட்டத்தாரே தீர்மானிக்கட்டும்.

நாம் தவிர்க்கவேண்டியவை

பிந்திய வேலைக்கு ஆட்களைக் கூட்டுவது முதற் தவறு. பிந்திவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று பிரெட் புறூக்ஸ் 1975 இலேயே எழுதினார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்களின் நேரம் போய்விடும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

புள்ளியைச் சவுக்காகப் பாவிப்பது இரண்டாவது தவறு. "போன முறை 14, இம்முறை 20 வேண்டும்" என்று வற்புறுத்தினால் குழு அடுத்த நாளே அதே வேலைக்குக் கூடிய புள்ளி எழுதும். எண் உயரும், வேலை உயராது. இரு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடுவதும் இவ்வாறே பயனற்றது. ஒவ்வொரு குழுவின் அளவுகோலும் வேறு.

அட்டவணையை நிரப்பிவிட்டு அதைப் பாராமல் விடுவது மூன்றாவது தவறு. எவ்வளவு விலையான மென்பொருளும் சுவரில் தொங்கும் பழைய கலண்டர் போலாகிவிடும். மூன்று பேர் மட்டும் கொண்ட குழுவுக்கு ஒரு கரும்பலகையும் ஒட்டுத்தாள்களும் போதுமாயிருக்கலாம். சுற்று ஒழுங்காக நடப்பதே முக்கியம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிந்துகிறது என்று தெரிந்தும் "வேலை நடக்கிறது" என்று மட்டும் சொல்வது. முன்சொன்ன சங்கத்தில் அந்த ஒரு வசனமே எட்டு மாதத்தைத் தின்றது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்ததைக் காட்டவேண்டிய கட்டாயம் இருந்திருந்தால், பொருளாளர் முதற் சுற்றிலேயே 7,200 என்ற எண்ணைக் கண்டு, "தம்பி, இது எங்கட வட்டி இல்லையே" என்று சொல்லியிருப்பார். அந்த இளைஞர்களும் அன்று இரவு வீட்டில் நித்திரை கொண்டிருப்பார்கள்.

மென்பொருள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுமுன், கடைசித் திகதியை மட்டும் கேட்காதிருப்போம். முதற் சுற்று எப்போது முடியும், அன்று எமக்கு எதை இயக்கிக் காட்டுவீர்கள் என்று கேட்போம். காட்டும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் தவறாது போய் அமர்வோம். பணத்தையும் அவ்வாறு காட்டப்பட்ட வேலைக்கே தவணையாகக் கொடுப்போம். செய்யும் பிள்ளைகளிடமும் அவர்களது குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று முதலில் கேட்போம்.

சங்கங்களில் கலந்துரையாடுவதற்கு

1. எமது சங்கம் கடைசியாகச் செய்வித்த ஒரு வேலையில், பிழை எப்போது தெரியவந்தது? அதை எந்தக் கட்டத்தில் முன்னரே கண்டிருக்கலாம்?

2. எமது கணக்குகளைக் கணனிமயமாக்குவதானால் முதற் சுற்றில் எமக்கு வேண்டிய மூன்று வேலைகள் எவை? எவற்றைப் பிறகு பார்க்கலாம்?

3. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வேலையைப் பார்த்துச் சரிபிழை சொல்ல எம்மில் யார் பொறுப்பேற்பார்? அவருக்கு அதற்கான நேரம் உண்டா?